ஐயனார் காசும் ராசா முகமும்

பத்தர் பதில்கள்: வாசகர் கேள்விகளுக்கு வவுனியாவிலிருந்து ஒரு பொற்கொல்லர்

போன இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். "வீட்டில் ராசா, ராணி முகம் பதித்த பதக்கமோ காசோ கிடந்தால், உருக்கக் கொடுக்க முதல் எனக்கு ஒரு படம் அனுப்புங்கோ" என்று. இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. தபாலில் கொஞ்சம், வட்ஸ்அப்பில் கொஞ்சம், கடைக்கே கொண்டுவந்து தராசுத் தட்டில் வைத்தவர்களும் உண்டு. பொன் உருக்குகிற உமி ஓட்டுக்கு முன்னால் நாற்பத்தெட்டு வருசம் இருந்தவன் நான். கண்ணால் பார்த்ததையும் கையால் நிறுத்ததையும் முதலில் சொல்லுவேன், மிச்சம் புத்தகம் படித்தது. எல்லாருக்கும் பதில் எழுத இடம் இல்லை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

அப்பப்பாவின் றங்குப்பெட்டியில் வெள்ளி போல ஒரு வட்டப் பதக்கம் இருந்தது. ஒரு பக்கம் முடி தரித்த ராசாவும் ராணியும், முகத்தோடு முகம் ஒட்டினமாதிரி. மற்றப் பக்கம் ஒரு கோட்டை. "ஸ்டெட் ஃபோர்ச்சூனா டோமுஸ்" என்று ஏதோ எழுதியிருக்கிறது. அப்பப்பா ஊர்த் தலைமைக்காரரான விதானையாராக இருந்தவர். அவருக்கு அரசாங்கம் கொடுத்த விருதா இது?
(துணுக்காய் வாசகர்)

விருது இல்லை, தம்பி. நீங்கள் அனுப்பிய படத்தில் பதக்கத்தின் உச்சியில் வளையம் இல்லை, வளையம் இருந்து அறுந்த தழும்பும் இல்லை. சட்டையில் குத்தக் கொடுப்பதற்கு நாடா வேணும், நாடாவுக்கு வளையம் வேணும். இது மேசையில் வைத்துப் பார்க்கிற சாதி.

இங்கிலாந்து ராசா ஐந்தாம் ஜோர்ஜ் பட்டத்துக்கு வந்து 25 வருசம் நிறைந்தது 1935 மே 6. அதற்காக லண்டன் அரச நாணயச்சாலை அடித்தது இது. உருவம் செய்தவர் பேர்சி மெற்காஃப். 57 மில்லிமீற்றரில் பெரிசும் 32 மில்லிமீற்றரில் சின்னதுமாக வந்தது, காசு கொடுத்து யாரும் வாங்கலாம். அதே ஆண்டில் நாடாவோடு குத்திக்கொள்ளக் கொடுத்தது வேறு. அதன் பின்பக்கத்தில் கோட்டை இராது, முடியும் "ஜி ஆர் ஐ" என்ற மூன்று எழுத்தும் இருக்கும். ஜோர்ஜ், ராசா, சக்கரவர்த்தி என்று லத்தீனில் சொல்லுகிற சொற்களின் முதலெழுத்துகள் அவை. அப்பப்பா விருது வாங்காமலே பதக்கம் வாங்கி வைத்திருக்கிறார். அதுவும் ஒரு மரியாதைதான், விதானையாருக்கு அது வேண்டித்தான் இருந்திருக்கும்.

கோட்டையைக் கொஞ்சம் வடிவாகப் பாருங்கோ. அது வின்ட்சர் கோட்டை. "டோமுஸ்" என்றால் வீடு. "இந்த வீட்டின் நற்பேறு நிலைக்கட்டும்" என்பதுதான் அந்த மூன்று சொல்லுக்கும் அர்த்தம். எந்த வீடு? கல்லால் கட்டின வீடு மட்டுமில்லை, குடும்பமும்தான். முதலாம் உலகப் போர் வரைக்கும் இந்த ராசகுடும்பத்துக்கு ஜெர்மன் பெயர். ஜெர்மனியோடு சண்டை நடக்கும்போது அந்தப் பெயரை வைத்திருக்க ஏலாமல், 1917 இல் கோட்டையின் பெயரையே குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டார்கள். பதினெட்டு வருசம் கழித்து அதே கோட்டையைப் பதக்கத்தில் போட்டு, வீடு நிலைக்கட்டும் என்கிறார்கள். வீட்டுப் பெயரை மாற்றினவனுக்குத்தான் வீடு நிலைக்கவேணும் என்ற கவலை கூட.

இன்னொன்று. அந்த வரி வெர்ஜில் என்ற ரோமானியக் கவிஞரின் விவசாயப் பாட்டிலிருந்து எடுத்தது, ஒரு சொல்லைக் கொஞ்சம் மாற்றி. அங்கே அவர் பாடுவது ராசாவை இல்லை, தேனீயை! ஒரு தேனீ கனகாலம் உயிரோடு இராது, ஆனால் கூட்டின் பேறு நிலைத்து நிற்கும், பாட்டனுக்குப் பாட்டன் என்று எண்ணலாம் என்கிறார். காட்டில் தேன் எடுத்த வன்னிச் சனத்துக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. அப்பப்பாவுக்கு அந்த அர்த்தம் தெரிந்திருந்தால் சிரித்திருப்பார்.

பதக்கம் வந்து ஒன்பது மாதம் ஆகமுதல், 1936 ஜனவரி 20 இல், ராசா காலமானார்.

எங்களிடம் செம்பு நிறத்தில் ஒரு பதக்கம். ஒரு பக்கம் முக்காடு போட்ட வயதான அம்மா. திருப்பினால் கொண்டை போட்ட இளம்பெண். தாயும் மகளுமா?
(மடு வீதி வாசகி)

ஒரே ஆள், பிள்ளை. விக்ரோரியா மகாராணி. இளம்பெண்ணுக்கு வயது 18, அம்மாவுக்கு 78. பட்டத்துக்கு வந்தது 1837, இது அடித்தது 1897, அறுபதாண்டு நிறைவுக்கு. கணவர் 1861 இல் செத்த நாளிலிருந்து சாகும்வரை கைம்பெண் கோலத்தில்தான் இருந்தார். அந்த முக்காடு அதுதான். முக்காட்டுக்கு மேலே சின்னதாக ஒரு முடி, கண்டீர்களா? கைம்பெண்ணை நல்ல காரியத்துக்கு முன்னால் நிற்கவிடாத ஊரில், முக்காடு போட்ட கைம்பெண்ணின் முகத்தைப் பதக்கமாக வைத்திருந்தார்கள். யாரும் அதை யோசித்ததாகத் தெரியவில்லை.

இளம்பெண் பக்கத்தில் ஓடுகிற லத்தீன் எழுத்து வேதாகமத்தில் உள்ளது. நீங்கள் மடுப்பக்கம் என்றபடியால் வீட்டில் புத்தகம் இருக்கும், நீதிமொழிகள் 3:16 எடுத்துப் பாருங்கோ. வலது கையில் தீர்க்காயுசு என்று தொடங்கும்.

என் கைக்கு வந்த பதக்கங்களுக்குள் எனக்கு ஆகப் பிடித்தது இதுதான். சிங்கம் இல்லை, கோட்டை இல்லை, வாள் இல்லை. ஒரு பக்கம் வில்லியம் வயன் செதுக்கிய மழமழப்பான கன்னம், மறுபக்கம் தோமஸ் புரொக் செதுக்கிய தொய்ந்த கன்னம். அச்சு வெட்டத் தெரிந்தவனைக் கேளுங்கோ, இரண்டில் எது கஷ்டம் என்று. மழமழப்பை ஒரு நாளில் எடுத்துவிடலாம். தொய்ந்த தோலை எடுப்பதற்கு எலும்பு எங்கே நிற்கிறது என்று தெரியவேணும்.

முடிசூடாத ராசாவின் முடிசூட்டுப் பதக்கம் என்னிடம் உண்டு. எட்டாம் எட்வேட், 12 மே 1937 என்று போட்டிருக்கிறது. உலகத்தில் ஒரு சிலதான் இருக்கிறது, இலட்சக்கணக்கில் போகும் என்று ஒருவர் சொன்னார். உண்மையா?
(மாங்குளம், கிளிநொச்சி, ஓமந்தை என்று மூன்று பேர்)

மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். வன்னிக்குள் மட்டும் மூன்று என்றால் "ஒரு சிலதான்" என்ற கதை அங்கேயே முடிந்துபோச்சு.

நடந்தது இதுதான். கலியாணவீட்டுக்கு நாள் குறித்து, மண்டபம் பிடித்து, கார்ட் அடித்து, பலகாரமும் சுட்டாச்சு. மாப்பிள்ளை மாட்டேன் என்று போய்விட்டார். தம்பியை மணவறையில் இருத்தினார்கள். முகூர்த்தம் மட்டும் மாறவில்லை. எட்டாம் எட்வேட் 1936 டிசெம்பர் 11 இல் முடி துறந்தார். தம்பி ஆறாம் ஜோர்ஜ் அதே 1937 மே 12 இல் முடி சூடினார். அதற்குள் தனியார் கம்பனிகள் அண்ணன் முகத்தில் பதக்கமும் கோப்பையும் தகரப்பெட்டியும் அடித்துத் தள்ளிவிட்டன. எறிய மனமில்லாமல் விற்றார்கள். அதனால் அது மலிந்த சாமான். அவர் முகத்தோடு மாதிரி பார்க்க அடித்த நாணயங்கள்தான் உண்மையில் அரிது, அந்தப் பெயரில்தான் பதக்கத்துக்கும் விலை ஏத்துகிறார்கள். விற்கவேணும் என்றால் வில்லுங்கோ, ஆனால் இலட்சத்தை நம்பி வளவுக்கு மதில் கட்டத் தொடங்காதேங்கோ.

இதே கூத்து 1902 இலும் நடந்தது. ஏழாம் எட்வேட்டுக்கு யூன் 26 இல் முடிசூட்டு என்று குறித்து, குடல்வால் அழற்சியில் அவர் விழுந்து, சத்திரசிகிச்சை செய்து, ஓகஸ்ட் 9 க்குப் போனது. அரச நாணயச்சாலை அடித்த பதக்கத்தில் ஓகஸ்ட் 9 இருக்கும். அவசரப்பட்ட தனியார் பதக்கத்தில் யூன் 26. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு ஒரு ஆசை. யூன் பதக்கம் கைவசம் உண்டு. மற்றது யாரிடமாவது இருந்தால் காட்டிவிட்டுக் கொண்டுபோங்கோ.

பதக்கத்தின் விளிம்பில் மிகச் சின்னதாக ஒரு சிங்கம் நடக்கிறது. இது இலங்கைச் சிங்கமா? பக்கத்தில் ஒரு நங்கூரமும் உண்டு. முல்லைத்தீவுக் கடற்படைக்குக் கொடுத்ததோ?
(முல்லைத்தீவு வாசகர்)

சிங்கமும் நங்கூரமும் உங்களுக்கு ஒரு நல்ல செய்தி சொல்லுகின்றன, ஆனால் நீங்கள் நினைத்தது இல்லை. இங்கிலாந்தில் வெள்ளிச் சாமானைச் சோதித்து அடிக்கிற முத்திரை அது. நடக்கிற சிங்கம் என்றால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி என்று அர்த்தம். 1544 இலிருந்து அந்தச் சிங்கம் நடக்கிறது. எங்களுடைய சிங்கம் வாள் பிடித்திருக்கும், இது வெறுங்கையோடு போகும். நங்கூரம் பேமிங்காம் நகரத்துச் சோதனைச்சாலையின் குறி. பேமிங்காமுக்குக் கடலே கிடையாது! இன்னும் ஒரு வேடிக்கை, விளிம்பில் நங்கூரத்துக்குப் பதிலாக ஒரு முடி இருந்தால், அதை ராசாவின் முடி என்று நினைக்கக்கூடாது. 1773 இலிருந்து 1975 வரைக்கும் அது ஷெபீல்ட் நகரத்தின் குறி. ராசா முகம் முன்னால் பெரிசாக இருக்க, விளிம்பில் இருக்கிற முடி ஒரு ஊரின் பெயர்.

ஆக, உங்களுடையது நல்ல வெள்ளி. இதைத் தெரிந்துகொண்டு யாராவது "சும்மா வெள்ளை இரும்பு" என்று சொல்லி வாங்க வருவார்கள். வந்திருக்கிறார்கள். கவனம்.

நெடுங்கேணியில் காணி துப்புரவாக்கும்போது ஒரு பித்தளைப் பொத்தான் கிடைத்தது. மேலே முடி. எந்தக் காலத்தது?
(நெடுங்கேணி வாசகர்)

முடியின் உச்சியைப் பாருங்கோ. கவிழ்த்த ஓலைப்பெட்டி போல உருண்டு இறங்கினால் 1901 க்கும் 1953 க்கும் இடையில். நடுவில் பள்ளம் விழுந்து இரண்டு பக்கமும் தோள் போல எழும்பினால் எலிசபெத் ராணி காலம், 1953 க்குப் பிறகு. ராணி தனக்கென்று வேறு முடியைத் தெரிந்தெடுத்தார். மகன் சாள்ஸ் 2022 இல் திரும்பவும் உருண்டைக்குப் போய்விட்டார். பொலிஸ் பொத்தான், தபால் பெட்டி எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்குச் சரிவரும். பொத்தான் கிடக்கட்டும், கண்ணிவெடி அகற்றி முடிந்தது என்று எழுத்தில் சொல்லாத இடத்தில் மண்வெட்டி போடாதேங்கோ. சாமான் எங்கேயும் ஓடாது.

எங்கள் அம்மம்மா தாலிக்கொடியோடு ஒரு பவுண் காசு கோத்திருந்தார். அதில் குதிரைமேல் இருப்பவர் ஐயனார் என்று விளக்கு வைக்கும்போது தொட்டுக் கும்பிடுவார். காலுக்குக் கீழே உடும்பு என்பார். பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். உண்மையில் அது யார்?
(முள்ளியவளை வாசகி)

சிரிக்கவேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கோ. அம்மம்மா பார்த்தது முழுப்பிழை இல்லை. குதிரைமேல் இருப்பது புனித ஜோர்ஜ், இங்கிலாந்தின் காவல் புனிதர். கீழே கிடப்பது உடும்பு இல்லை, றாகன் என்று அவர்கள் சொல்லுகிற பறக்கும் பூதப்பாம்பு. குதிரையில் வந்து ஊரைக் காக்கிற சாமி என்றால் எங்களுக்கு யார்? ஐயனார்தான். குளக்கட்டுக்குக் கட்டு அவர் இருக்கிற இடத்தில் பிறந்த மனுசிக்கு வேறு என்ன தோன்றும்? அந்தச் சின்னத்தின் வேலையே அதுதானே. எழுத்து வாசிக்கத் தெரியாத ஆளுக்கும், "இவர் காப்பார்" என்று விளங்கவேணும். இத்தாலியில் பிறந்த பிஸ்ற்றூச்சி என்ற சிற்பி 1817 காசுக்கு வெட்டின உருவம், முள்ளியவளையில் அம்மம்மாவின் கழுத்தில் வேலை செய்திருக்கிறது.

எனக்கு அதில் ஒரே ஒரு குறை. குதிரையில் இருக்கிறவர் தலைக்கவசம் போட்டிருக்கிறார், தோளில் ஒரு சால்வை, மற்றப்படி உடுப்பே இல்லை. றாகனோடு சண்டைக்குப் போகிறவர் இப்படியா போவார்? ஐயனார் போகமாட்டார்.

"பவுண்" என்ற எங்கள் சொல்லே இந்தக் காசிலிருந்து வந்ததுதான். ஒரு பவுண் காசு 7.98 கிராம், 22 கரட். அதை எட்டுக் கிராம் என்று முழுதாக்கி இன்றைக்கும் தோடும் சங்கிலியும் பவுண் கணக்கில் செய்கிறோம். தமிழ்நாட்டில் அதே காசின் மற்றப் பெயரைப் பிடித்துச் சவரன் என்கிறார்கள். ராசா போனாலும் அவருடைய காசின் நிறை எங்கள் தராசை விட்டுப் போகவில்லை. அம்மம்மாவின் காசில் வளையம் பொடி வைத்து ஊதி ஒட்டியிருந்தால் நிறை கொஞ்சம் கூடும். 7.98 க்குக் குறைந்தால், ஒன்று தேய்ந்திருக்கவேணும் இல்லாவிட்டால் காசு போலி. நிறுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கோ. எந்தக் கடையாக இருந்தாலும். என் கடையாக இருந்தாலும்.

வெள்ளைக்காரன் பதக்கம் அடித்தான். எங்கள் ராசாக்கள் அடிக்கவில்லையா? எங்கள் அரசச் சின்னங்கள் என்ன? உயர்தரத்தில் வரலாறு படிக்கிறேன்.
(பூநகரி மாணவி)

நல்ல கேள்வி, பிள்ளை. நீளமாகச் சொல்லுகிறேன்.

முதலில் சொல். பதக்கம் என்பது எங்கள் தொழிலில் சங்கிலியில் தொங்கி மார்பில் கிடக்கிற நகை. கல் வைத்துச் செய்வது. வெள்ளைக்காரன் சட்டையில் குத்தினதும் மார்பில் கிடந்தபடியால் அதற்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. எங்கள் ராசாக்கள் ஒருவரை மதித்தால் காணி கொடுத்தார்கள், பட்டம் கட்டினார்கள். பட்டம் என்றால் முதலில் நெற்றியில் கட்டுகிற பொன் தகடு. பெயருக்கு முன்னால் போடுகிற பட்டம் அதிலிருந்து வந்தது. ஆக எங்கள் மரியாதை நெற்றியில், அவர்களுடையது நெஞ்சில்.

சின்னம் என்று பார்த்தால், காசையும் செப்பேட்டு முத்திரையையும்தான் பார்க்கவேணும். சோழர் செப்பேடுகளின் முத்திரையில் உட்கார்ந்திருக்கிற புலி, பக்கத்தில் இரண்டு மீன், வில், மேலே குடை, இரு பக்கமும் சாமரம். புலி தன் சின்னம், மீன் பாண்டியனுடையது, வில் சேரனுடையது. மற்ற இருவரின் சின்னத்தையும் தன் குடைக்குக் கீழே கொண்டுவந்தாச்சு என்று அர்த்தம். ஒரு வசனம் எழுதவில்லை, படத்திலேயே சொல்லிமுடித்துவிட்டான். ராசாவின் முகம் அதில் இல்லை என்பதைக் கவனி.

யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் சேதுக் காசில் ஒரு பக்கம் நிற்கிற ராசா, ஆனால் அது கோட்டுருவம், முகச்சாயல் கிடையாது. மறுபக்கம் படுத்திருக்கிற நந்தி, மேலே பிறை, கீழே தமிழில் "சேது". எந்த ராசாவின் காசு என்று முகத்தை வைத்துப் பிரிக்க ஏலாது. வெள்ளைக்காரன் அதற்கு நேர் எதிர். ஆள் மாறினால் முகம் மாறும், ஒவ்வொரு ராசாவும் முன்னவர் பார்த்த திசைக்கு எதிர்த் திசையைக் காசில் பார்க்கவேணும் என்றுகூட வழக்கம் வைத்திருக்கிறார்கள். எட்டாம் எட்வேட் மட்டும் அந்தப் பக்கம்தான் தனக்கு வடிவு என்று அடம்பிடித்தாராம். எங்கள் ராசாவுக்கு எது வடிவான பக்கம் என்ற பிரச்சினையே வரவில்லை. நந்தி எந்தப் பக்கமும் வடிவுதான்.

சோதனைக்கு ஒரு பட்டியல் வேணும் என்றால் தசாங்கம் படி, ராசாவுக்கு உரிய பத்து அங்கம். பெயர், நாடு, ஊர், ஆறு, மலை, ஊர்தி, படை, முரசு, தார், கொடி. மாணிக்கவாசகர் சிவபெருமானுக்கே இந்தப் பத்தையும் கிளியிடம் கேட்டுப் பாடியிருக்கிறார், திருவாசகத்தில் திருத்தசாங்கம். பத்துக்குள் முடி இல்லை, முகமும் இல்லை. தார் என்று கழுத்தில் போடுகிற மாலை இருக்கிறது.

யானைக் கதையும் சொல்லவேணும். ஒல்லாந்தர் காலத்தில் வன்னியை ஆண்ட சிற்றரசர்களான வன்னியர்கள் திறையாகக் கொடுத்தது யானை. வன்னிக் காட்டில் பிடித்து, யாழ்ப்பாணத்துக்கு நடத்திக்கொண்டுபோய், கப்பலேற்றி விற்றார்கள். ஆனையிறவு என்ற பெயரைச் சும்மா வைக்கவில்லை. பிறகு இங்கிலீசுக்காரன் இலங்கைக்கென்று காசு அடித்தபோது என்ன போட்டான்? 1815 செப்புக் காசில் ஒரு பக்கம் மூன்றாம் ஜோர்ஜின் தலை, மற்றப் பக்கம் யானை. 1821 வெள்ளி றிக்ஸ்டொலரில் நான்காம் ஜோர்ஜ், பின்னால் யானை. ராசா தலைக்குப் பின்பக்கத்தில் நிற்கிறது எங்கள் திறை. பரீட்சைக்கு இது வராது, எண்டாலும் மனதில் வை.

கடைசியாக ஒரு சட்டம். 1940 தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி 1815 மார்ச் 2 க்கு முந்தின பொருள் மண்ணில் கிடைத்தால் அறிவிக்கவேணும், எடுத்து வைத்திருக்கவோ விற்கவோ ஏலாது. கண்டி ஒப்பந்த நாள் அது. ஆகவே அப்பப்பாவின் 1935 பதக்கம் உன்னுடையது, வயலில் கிடைத்த சேதுக் காசு உன்னுடையது இல்லை.

ராசா படத்தில் நெஞ்சிலே பன்றி இருந்த காசு என்று ஒரு கதை கேள்விப்பட்டேன். பொய்தானே?
(செட்டிகுளம் வாசகர்)

உண்மை. 1911 இந்திய ரூபா. ஐந்தாம் ஜோர்ஜின் உடுப்பில், விருதுச் சங்கிலியில் ஒரு யானை. அச்சு வெட்டினவர் தும்பிக்கையைக் கட்டையாக வெட்டிவிட்டார், பார்க்கப் பன்றி. முஸ்லிம் மக்கள் கையில் எடுப்பார்களா? சனம் கொதிக்க, காசை நிறுத்தி, 1912 இல் தும்பிக்கையை வடிவாக நீட்டி அடித்தார்கள். எங்கள் வன்னி ஆள் ஒருவரை யானை வெட்ட விட்டிருந்தால் இந்த வில்லங்கம் வந்திராது.

வன்னியின் கடைசி ராசா பண்டாரவன்னியனுக்கு ஏன் பதக்கம் இல்லை? அவரைத் தோற்கடித்தவனுக்குக் கொடுத்தார்களா?
(ஒட்டுசுட்டான் வாசகர்)

நீங்கள் இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் கற்சிலைமடுவில்தான் அதற்குப் பதில் கல்லில் நின்றது. ஆங்கிலத்தில் எழுதிய நடுகல். கப்டன் வொன் டிறிபேர்க் என்பவர் 1803 ஒக்ரோபர் 31 இல் இந்த இடத்துக்குக் கிட்டத்தான் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்று ஒரே ஒரு வசனம். அதே ஆண்டு ஓகஸ்ட் 25 இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்ததைப் பற்றி அந்தக் கல்லில் ஒரு சொல் இல்லை. ஆனால் பாருங்கோ, டிறிபேர்க் யார் என்று ஒட்டுசுட்டானில் எத்தனை பேருக்குத் தெரியும்? தோற்றவர் என்று கல்லில் போட்டவரின் சிலைதான் வவுனியா ரவுணில் நிற்கிறது. வென்றவர் தன் செலவில் தோற்றவரின் பெயரைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார்.

இலங்கையைப் பிடித்ததற்கென்று ஒரு பதக்கம் உண்டு. 1795, 96 இல் ஒல்லாந்தரிடமிருந்து கரையோரத்தைப் பிடித்ததற்காகக் கிழக்கிந்தியக் கம்பனி தன் வங்காளப் பீரங்கிப் படையினருக்குக் கொடுத்தது. பொன்னில் இரண்டோ என்னவோ, மிச்சம் வெள்ளி. அதில் ராசா தலை இல்லை, முடி இல்லை. ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் பாரசீகம். தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. பிடித்த நாட்டின் எழுத்து ஒன்றும் அதில் இல்லை, ஏனென்றால் அதை வாசிக்கவேண்டியவர்கள் நாங்கள் இல்லை. பிறகு 1870 என்று ஆண்டு போட்ட சதக் காசு வந்தபோதுதான் மரத்தின் இரு பக்கமும் சிங்களமும் தமிழும் வந்தது. காசு எங்கள் மடிக்கு வரவேண்டிய சாமான். வாசித்தால்தானே வாங்குவோம்.

2009 தொடக்கத்தில் புதுக்குடியிருப்பில் வீட்டை விட்டு ஓடமுதல் அம்மா நகைகளையும் தாத்தாவின் பதக்கத்தையும் பால்மா ரின்னில் போட்டுத் தாட்டார். திரும்பி வந்து கிண்டியபோது ரின் கறள் பிடித்து உக்கியிருந்தது. நகையைக் கழுவி எடுத்துவிட்டோம். பதக்கம் முழுக்கப் பச்சை. நாடா இல்லை. அம்மாவும் இப்போது இல்லை. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கட்டா? இல்லாவிட்டால் உருக்கி மகளுக்கு ஏதும் செய்யலாமா?
(புதுக்குடியிருப்பு வாசகி)

தேய்க்காதேங்கோ. உருக்கவும் வேண்டாம்.

புளிக்கும் சாம்பலுக்கும் ஒரு கதை இருக்கிறது. எனக்குப் பத்து வயதிருக்கும். தண்ணீரூற்றில் அப்பாவின் பட்டறைக்கு ஒருவர் விக்ரோரியா முகம் போட்ட செம்புப் பதக்கம் ஒன்று வளையம் ஒட்டக் கொண்டுவந்தார். அப்பா சாப்பிடப் போன நேரம், குத்துவிளக்குத் தேய்க்கிறமாதிரி நான் அதைப் புளியும் சாம்பலும் வைத்துத் தேய்த்து மினுக்கிவிட்டேன். பொன்போல மினுங்கியது. மூக்கு இல்லை. முக்காட்டின் மடிப்பு இல்லை. அப்பா வந்து கையில் எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். அடிக்கவில்லை. "ராசாத்தியை மொட்டை அடிச்சிட்டாய்" என்றார். கொண்டுவந்தவருக்கு வளையக் கூலி எடுக்காமல் கொடுத்தனுப்பினார்.

உருக்குகிற கதையும் உண்டு. இன்னொருவர் வெள்ளி என்று நம்பி ஒரு முடிசூட்டுப் பதக்கத்தை உருக்கச் சொன்னார். வெள்ளி உருக 961 பாகை வேணும். அப்பா உருக்குகிற கிண்ணமான மூசையில் வைத்து ஊதுகுழலை வாயில் வைத்து இரண்டு மூச்சு ஊதவில்லை, ராசா முகம் மெழுகுபோலச் சரிந்து ஓடிவிட்டது. வெள்ளீயக் கலவை. வெள்ளீயம் 232 பாகையிலேயே உருகிவிடும். ராசாவும் போச்சு, வெள்ளியும் இல்லை. வந்தவர் எங்களைத்தான் சந்தேகப்பட்டார். இன்றைக்கும் யாராவது பதக்கம் உருக்கக் கொண்டுவந்தால் முதலில் எனக்கு அந்தச் சரிந்த முகம்தான் ஞாபகம் வரும்.

உங்களுடையது செம்போ வெண்கலமோ, அதனால்தான் பச்சை. வடித்தெடுத்த தண்ணீரில், கிடைக்காவிட்டால் சுத்தமான மழைத் தண்ணீரில், ஒரு நாள் கிடக்கவிடுங்கோ. தண்ணீரை இரண்டு மூன்று தரம் மாற்றுங்கோ. மென்மையான துணியால் ஒற்றி எடுத்து நிழலில் நன்றாகக் காயவிடுங்கோ. கெட்டியான கரும்பச்சை கிடக்கட்டும், அது ஒன்றும் செய்யாது. வெளிர்பச்சையில் மாப்போல உதிர்ந்தால் அதுதான் தின்கிற நோய், அதற்கு ஈரம் ஆகாது. குளிசைப் போத்தலுக்குள் ஈரம் உறிஞ்ச ஒரு சின்னப் பொட்டலம் போட்டு வருமே, அதில் நாலைந்து சேர்த்து, பதக்கத்தை வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, மூடி இறுகின போத்தலில் வையுங்கோ. மெல்லிய பிளாஸ்ரிக் உறைக்குள் போடாதேங்கோ, அதுவும் சேர்ந்து தின்னும்.

படத்தில் முகம் தெரியவில்லை. ஆனால் ஓரத்தில், எட்டு மணி முள் நிற்கிற இடத்தில், பச்சைக்குள்ளால் ஒரு எழுத்தின் அடிப்பாகம் தெரிகிறது. முடியும் கொஞ்சம் தெரிகிறது, உச்சி உருண்டை. ஆக 1953 க்கு முந்தினது. அதற்குமேல் படத்தை வைத்துச் சொல்ல ஏலாது, கையில் எடுத்துச் சாய்த்துப் பார்க்கவேணும். வவுனியாவுக்கு வருகிற அலுவல் இருந்தால் கொண்டுவாருங்கோ. வெள்ளிக்கிழமை கடை பூட்டு. காசு ஒன்றும் வேண்டாம். ரின்னை எறியாமல் வைத்திருந்தால் அதையும் கொண்டுவாருங்கோ.